நமக்கில்லை என்ற குவியல்

நாலாவது ஆளும் தோற்றுப்போனபோது மணி பதினொன்று.

"பத்து நிமிஷம் முழுசா முடிஞ்சுது அண்ணே," என்று குண்டூசி கடிகாரத்தை அமுக்கி நிறுத்தினான். "இந்த நேரத்துக்கு நான் ஒரு கல்யாணம் பண்ணி, சண்டை போட்டு, பிரிஞ்சே வந்திருப்பேன்."

வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தீப்பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகக் கருத்திருந்த விரலால் தன் போனை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, தொழிற்சாலையின் இணையதளத்தில் ஒரே ஒரு அறிவிப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். 'நாலாம் எண் கிரேனின் பிரேக் பழுது. இயக்கக் கூடாது' என்ற அறிவிப்பு. போன மாதம் ஆறாம் தேதி மாலையே தளத்தில் போட்டுவிட்டோம் என்கிறது நிர்வாகம். ஏழாம் தேதி காலை எட்டு நாற்பதுக்கு அந்தக் கிரேன் இரண்டு டன் இரும்பைக் கீழே விட்டது. அடியில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த வாலிபனை எடுக்க ஆட்கள் தேவைப்படவில்லை. மண்வெட்டி தேவைப்பட்டது.

கிரேன் ஓட்டியவன் இப்போது சிறையில். செத்தவன் வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. இன்று மூன்று மணிக்கு விசாரணை. அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் ஓட்டினான் என்று முடிவானால் அதற்கு விபத்து என்று பேர் கிடையாது. தெரிந்தே செய்த கொலை. பத்து வருஷம்.

"அண்ணே, போனை வெச்சிடாதீங்க," என்றாள் தபாலக்கா. "உங்களுக்கு லீவு எத்தனை நாள் பாக்கி?"

வெல்டர் இரண்டு தட்டு தட்டினார். "ஒன்பது."

"பூட்ஸ் சைஸ் மாத்தணும்னா?"

இரண்டு தட்டு. "இந்தா இருக்கு."

"அடுத்த வாரம் எந்த ஷிப்ட்?"

"ராத்திரி," என்றார் வெல்டர், தட்டி முடிக்கும் முன்பே வெறுப்போடு.

தபாலக்கா டீயை ஒரே மடக்கில் குடித்து வைத்தாள். இருபத்தாறு வருஷம் தபால் பிரிக்கும் அறையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அந்த வேலை அவளுக்குக் கொடுத்தது வீங்கிய கணுக்கால் இரண்டும், எந்தக் கடிதம் எந்தப் பொந்தில் போய் விழும் என்ற அறிவும். முதலாவதை யாருக்கும் விற்க முடியவில்லை. இரண்டாவதை வைத்துத்தான் இப்போது துப்பறிந்து பிழைக்கிறாள். பன்னிரண்டு வருஷம் லிஃப்ட் ஓட்டி, உட்கார்ந்தே இளைத்துப்போன குண்டூசி அவளுக்கு உதவியாள்.

"தளம் குப்பைன்னு நிரூபிச்சா போதும்னு நெனச்சோம், இல்லையாடா?"

"ஆமா. நாலு பேர் தேடியும் கிடைக்கல. நிரூபிச்சாச்சு. கிளம்பலாம்."

"எங்க நிரூபிச்சோம்? லீவு, பூட்ஸு, ஷிப்டு எல்லாம் ரெண்டே தட்டுல வருது. இது குப்பை இல்லடா. நல்லா தொழில் தெரிஞ்சவன் அடுக்கினது. சரியா பிரிக்கத் தெரியாதவன் கையில எல்லாக் கடிதாசும்தான் தொலையும். பிரிக்கத் தெரிஞ்சவன் கையில ஒண்ணே ஒண்ணு மட்டும் தொலைஞ்சா, அது தொலையல."

குண்டூசி மடியிலிருந்த கோப்பைப் புரட்டினான். நிர்வாகத்தின் துருப்புச் சீட்டு அதில் இருந்தது, ஒற்றைக் காகிதம். 'அறிவிப்பு 212. திறந்தவர்: கிரேன் ஓட்டுநரின் டோக்கன் எண். ஏழாம் தேதி, காலை 7.10.' டோக்கன் எண்ணைப் போட்டால் எந்தப் போனிலும், தொழிற்சாலையில் எந்தக் கம்ப்யூட்டரிலும் தளம் திறக்கும். அதற்கு அடியில் கிரேன்காரனின் வாக்குமூலம். 'போன் என்னிடம்தான் இருந்தது. ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை.'

"இவனும் நமக்கு ஒத்துழைக்க மாட்டேங்கிறான்," என்றான் குண்டூசி. "கிரேன் கூண்டுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனா வேலை போயிடும். யாரும் கேக்காமலே, என்கிட்ட இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கான்."

"கேக்காத குத்தத்தை ஒருத்தன் ஏன் ஒத்துக்கணும்?"

"ஜெயில் சாப்பாடு பிடிச்சுப்போச்சோ என்னவோ."

"எழுந்திரு. அடுக்கினவனைப் பார்க்கணும்."

*

தளத்தை அடுக்கியவரின் அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"நான் வேலையை விட்ட துக்கத்துல நின்னுபோச்சு," என்றான் குண்டூசி. தபாலக்கா ஒவ்வொரு படியிலும் ஒரு கெட்ட வார்த்தையை இறக்கி வைத்துக்கொண்டு ஏறினாள்.

அடுக்கியவர் ஒல்லியான, சுத்தமான மனிதர். விஷயம் என்னவென்று சொல்லாமல், "உங்க தளம் ரொம்ப நல்லாயிருக்கு," என்று தபாலக்கா ஆரம்பித்ததும் ஆள் மலர்ந்துவிட்டார். சுவர் முழுக்க ஒட்டியிருந்த புகைப்படங்களைக் காட்டினார். நீளமான மேசையைச் சுற்றி அழுக்குச் சட்டை ஆட்கள், மேசைமேல் சீட்டுக்கட்டு போலப் பரப்பிய அட்டைகள்.

"தளத்துல இருந்ததையெல்லாம் ஒவ்வொண்ணா அட்டையில எழுதினேன் மேடம். நாற்பத்தெட்டு அட்டை. முப்பது தொழிலாளிங்களை உட்கார வெச்சு, எது எதோட சேருதுன்னு உங்களுக்குத் தோணுதோ அப்படியே குவியல் குவியலா வையுங்க, குவியலுக்கு நீங்களே பேர் வையுங்கன்னு சொன்னேன். ஆபீஸ்காரங்க மண்டையில இருக்கிற பிரிவு வேற, அவங்க மண்டையில இருக்கிறது வேற. 'மனிதவள நிர்வாகம்'னு எழுதினா யார் தட்டுவா? 'என் லீவு'ன்னு எழுதினா தட்டுவாங்க. அவங்க எங்க தேடுவாங்களோ அங்க வைக்கணும். என் தொழிலே அவ்வளவுதான்."

"மெஷின் பழுது அறிவிப்பை எங்க வெச்சாங்க?"

"'என் மெஷின்' குவியல்ல. முப்பதுக்கு முப்பது பேரும்." பெருமையாகச் சொன்னார்.

"எங்க தேடுவாங்கன்னு தெரிஞ்சவருக்கு," தபாலக்கா நாற்காலியில் சரிந்து கணுக்காலைத் தடவிக்கொண்டாள், "எங்க தேட மாட்டாங்கன்னும் தெரிஞ்சிருக்குமே?"

அந்த மனிதர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைக் குண்டூசி பார்த்தான். கயிறு அறுந்த லிஃப்ட் போல நேராக இறங்கியது.

"நீங்க... அந்தக் கிரேன் விஷயமா வந்திருக்கீங்களா?"

"இல்ல சார், பூட்ஸ் சைஸ் மாத்த வந்தோம்," என்றான் குண்டூசி. "சொல்லுங்க."

அடுக்கியவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இழுப்பறையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டை எடுத்தார்.

"ஒரு அட்டை மட்டும் எந்தக் குழுவும் எதோடயும் சேர்க்கல. 'பெற்றோர் சிகிச்சை உதவி'. தொழிலாளியோட அப்பா அம்மாவுக்கும், மனைவியோட அப்பா அம்மாவுக்கும் கம்பெனி செலவுல வைத்தியம். இருபது வருஷமா விதியில இருக்கு. யாருக்கும் தெரியாது. ஒரு வாலிபன், சங்கிலி மாட்டுறவன், வாய் ஓயாம பேசுவான். அந்த அட்டையை எடுத்துப் பார்த்துட்டு, 'நமக்கெல்லாம் குடுப்பானுங்களா?'ன்னு தூக்கி ஓரமா போட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குன்னு தனியா ஒரு குவியல் வெச்சு, அவனே பேரும் எழுதினான்."

கட்டின் மேல் அட்டையில் கோணல் எழுத்தில் இருந்தது. 'நமக்கில்லை.'

குண்டூசிக்கு அதற்குப் பதிலாக ஒரு நக்கல் வாய்வரை வந்தது. வெளியே விடவில்லை. சங்கிலி மாட்டுகிற வாலிபன். வாய் ஓயாமல் பேசுவான். இப்போது பேசமாட்டான்.

"நான் அறிக்கையில தெளிவா எழுதினேன்," என்றார் அடுக்கியவர். குரல் கெஞ்சியது. "இந்தப் பக்கத்தை ஒன்றரை வருஷத்துல ஒருத்தர்கூட திறக்கல, இது அவங்க உரிமை, முதல் பக்கத்துக்குக் கொண்டுவாங்கன்னு எழுதினேன். மேலாளர் பதில் போட்டார்." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒரே வரி. 'அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நல்ல இடம்.'

"அப்புறம் ஆறாம் தேதி சாயங்காலம் அந்த அறிவிப்பை அவரே அங்க ஏத்தினார். காகிதத்தைப் படம் எடுத்துப் போட்டா, தேடுற பெட்டியில 'கிரேன்'னு அடிச்சாலும் வராது. அப்படித்தான் போட்டிருக்கார். கிரேனை நிறுத்தினா மூணு நாள் வேலை நிக்கும். நிறுத்தாம ஏதாவது ஆச்சுன்னா, சொன்னோமேன்னு காட்ட ஒரு காகிதம் வேணும்."

"இதெல்லாம் தெரிஞ்சும் ஒரு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க."

"அடுத்த வருஷ ஒப்பந்தம்..." என்றார் அவர். முடிக்கவில்லை.

குண்டூசி தன் போனில் தேடிப் பிடித்துவிட்டான். குடும்பம். மற்றவை. பெற்றோர் சிகிச்சை. அறிவிப்பு 212 மனுப் படிவத்துக்கு மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"கிரேனுக்கு ஏதுக்கா அப்பா அம்மா?" என்று துள்ளினான். "ஜெயிச்சாச்சு! இந்தப் பொந்துல எவன் வந்து பார்ப்பான்?"

தபாலக்கா அந்த மின்னஞ்சலை அச்செடுக்கச் சொல்லி, அட்டைக் கட்டையும் கேட்டாள். அடுக்கியவர் தயங்கினார். "நாளைக்கு உங்க குழந்தை கேட்கும்பா, அந்த அட்டையை என்ன பண்ணீங்கன்னு," என்றாள் அவள். சுவரில் குழந்தையின் படம் இருந்ததை அவளைத் தவிர யாரும் கவனித்திருக்கவில்லை. கட்டு கைமாறியது.

படியிறங்கும்போதும் அவள் முகத்தில் வெற்றி இல்லை.

"என்னக்கா, யாரோ செத்த மாதிரி இறங்குறீங்க?"

"ஒருத்தர் திறந்திருக்காரேடா. ஏழு பத்துக்கு. அதுக்குப் பதில் சொல்லாம இந்த அட்டை எதுவும் நிக்காது. பெற்றோர் சிகிச்சையை யார் திறப்பா?"

"அப்பா அம்மாவுக்கு வைத்தியம் வேணும்கிறவன். ஆனா கிரேன்காரனுக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. ரெண்டு பேரும் போய் பத்து வருஷம்..."

அடுத்த படியில் வைக்கவேண்டிய காலைக் குண்டூசி வைக்கவில்லை.

கிரேன்காரனின் பெண்டாட்டிதான் இவர்களுடைய கட்சிக்காரி; வழக்கைக் கொடுக்க முதல் நாள் இவர்களைத் தேடி வந்தபோது தன் அம்மாவையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். கருப்புக் கண்ணாடி போட்ட அம்மா. புதிதாக அறுவை செய்த கண்கள். 'எல்லாம் கம்பெனி செலவு. தம்பி செத்த மூணாம் நாள் அனுமதி வந்துச்சு. மெஷினே அனுப்பும் போல. அதுக்கு என்ன தெரியும்' என்று அவள் சொன்னதை இவன்தான் நோட்டில் எழுதிக்கொண்டான்.

"அக்கா," என்றான். "வேணாம்க்கா. வேற வழி பார்ப்போம்."

"மணி ஒண்ணரை," என்றாள் தபாலக்கா. "வேற வழிக்கு நேரமில்ல."

*

ஒற்றை அறை வீடு. கட்சிக்காரி தரையில் உட்கார்ந்து மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுக்கு இத்தனை என்று கூலி. விசாரணை நாளிலும் கை நிற்கவில்லை.

"அம்மா முன்னாடியே போயிட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரங்களோட," என்றாள். "முன் வரிசையில உட்காரணுமாம். மருமகன் முகத்தைத் தெளிவா பார்க்கணுமாம். ஏதாவது கிடைச்சுதாக்கா?"

"கிடைக்கும்." தபாலக்கா சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். "ஒரு சின்ன உதவிம்மா. என் கால் வீக்கத்துக்கு எங்க ஆபீஸ்லயும் ஏதோ உதவி உண்டாம். எங்க தேடுறதுன்னே தெரியல. நீ உன் அம்மா கண்ணுக்கு எப்படி மனு போட்டே?"

பொய். குண்டூசி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கை மட்டும் பழக்கத்தில் கடிகாரத்தை அமுக்கிவிட்டது.

அவள் முகத்தில் ஒரு மாதத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. "அது பெரிய கூத்துக்கா! இப்படி ஒரு உதவி இருக்குன்னு தம்பிதான் சொல்லிச் சிரிச்சான். 'நமக்கெல்லாம் குடுப்பானுங்களா, நாங்க அதுக்குப் பேரே வெச்சுட்டோம்'னு. போடா, குடுக்கலைன்னாலும் கேட்டுப் பார்க்கிறேன்னேன். அன்னிக்கு அவர் போனை எனக்காக வீட்டுல விட்டுட்டுப் போனார். கூண்டுக்குள்ள எடுத்துட்டுப் போகக்கூடாது பாருங்க. காட்டுறேன் இருங்க. குடும்பம்... கடைசியில மற்றவை... அப்புறம்..."

போன் திரையில் கட்டைவிரல் தானாகப் போனது, சுவிட்சைத் தேடும் கை இருட்டில் போவதுபோல.

பதினோரு விநாடி.

"இதுதான் படிவம்," என்றாள். "இதுக்கு மேல என்னவோ ஒரு படம் இருந்துச்சு, ஏதோ மெஷின் விஷயம். அதைத் தள்ளிட்டு..."

விரல் நின்றது.

அவள் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் உதட்டால் படிப்பார்கள். அந்த உதடு 'நாலாம்' என்றது. 'எண்' என்றது. 'பிரேக்' என்று மடங்கியது. அதற்குமேல் அசையவில்லை.

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"எத்தனை மணிக்கும்மா இதைத் திறந்தே?" என்றாள் தபாலக்கா.

"அவங்க ரெண்டு பேரும் கிளம்பின பிறகு. பாத்திரம் கழுவிட்டு. ஏழு... ஏழு பத்து இருக்கும்." அவள் நிமிர்ந்தாள். "எட்டு நாற்பதுக்குத்தான் விழுந்துச்சு. வாசலுக்கு நடந்தே இருபது நிமிஷம். ஓடினா பத்து."

"உனக்கு அது அவர் ஓட்டுற கிரேன்னு தெரியுமா?"

"'கிரேன்'னுதான் சொல்வார். நம்பர் சொன்னதில்ல." பிறகு மெல்ல, "இது அவருக்குத் தெரியுமா?"

"விசாரணைக் காகிதத்துல ஏழு பத்துன்னு பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். போன் என்கிட்டதான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

போனைத் தரையில் வைத்துவிட்டு அவள் பாதியில் விட்ட விரிப்பை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். "நான் சொல்லலைன்னா?"

"உன் தம்பியைத் தெரிஞ்சே கொன்னவர்னு உள்ள போவார். பத்து வருஷம்."

"சொன்னா?"

இருபத்தாறு வருஷம் எத்தனையோ சாவுச் செய்திகளைச் சரியான பொந்தில் போட்டவள் தபாலக்கா. ஒன்றையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

"அம்மா முன் வரிசையில இருக்காங்க," என்றாள் கட்சிக்காரி, யாரிடமும் இல்லாமல்.

குண்டூசி கீழே குனிந்து அவள் மடித்த கட்டுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

*

மூன்று மணிக்கு விசாரணை அறையில் மின்விசிறி ஒன்றுதான் சத்தம் போட்டது. மேலாளர் சலவைச் சட்டையில் கால்மேல் கால் போட்டிருந்தார். கிரேன்காரன் இரண்டு காவலர்களுக்கு நடுவில். கதவருகே பெண்டாட்டியைக் கண்டதும் அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், மெல்ல, வேண்டாம் என்று. கிரேனுக்குக் கீழே நிற்கிறவனை விலகச் சொல்லும் சைகை அது. அவள் விலகவில்லை.

தபாலக்கா அட்டைக் கட்டை விசாரணை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். 'நல்ல இடம்' என்ற மின்னஞ்சலை அதன்மேல் வைத்தாள். "பெற்றோர் சிகிச்சைப் பக்கத்துல கிரேன் பழுது அறிவிப்பு எதுக்குங்க?" என்று மேலாளரைக் கேட்டாள்.

மேலாளர் அசரவில்லை. "குடும்பத்தார் கண்ணுலயும் படட்டும்னுதான். தொழிலாளி அலட்சியமா இருந்தாலும் வீட்டுல உள்ளவங்க எச்சரிப்பாங்க. அவர் டோக்கன்லயே திறந்திருக்கே."

"நான்தான் திறந்தேன்," என்றான் கிரேன்காரன் அவசரமாக. "என் போன். என் கையில..."

"அவர் இல்ல சார்."

கட்சிக்காரி எழுந்து நின்றிருந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. மேலாளரைப் பார்க்கவில்லை. முன் வரிசையைப் பார்த்தே பேசினாள்.

"போன் வீட்டுல இருந்துச்சும்மா. நான்தான் திறந்தேன். உன் கண்ணுக்கு மனு போட. அந்த அறிவிப்பு மேலயே இருந்துச்சு. நான் தள்ளிட்டு படிவத்தை எடுத்தேன். தம்பி கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகல."

"பார்த்தீங்களா," என்றார் மேலாளர் அதிகாரியிடம், தணிந்த, மரியாதையான குரலில். "குடும்பத்தார் கண்ணுல பட்டிருக்கு."

அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அதிகாரி மேலாளரை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, கிரேன்காரன் பேருக்கு எதிரே 'தெரிந்தே' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தார். மின்னஞ்சலைத் தனியாக எடுத்துத் தன் கோப்பில் வைத்தார். "நீங்க இருங்க, போக வேண்டாம்," என்றார் மேலாளரிடம். மடக்கியிருந்த கால் கீழே இறங்கியது.

ஜெயித்தாகிவிட்டது. குண்டூசி கோப்பின் நாடாவைக் கட்டினான்.

முன் வரிசையில் அம்மா கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். புதுக் கண்கள் இரண்டும் சிவந்து, தெளிவாக இருந்தன. மகளை நெற்றியிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள். எல்லாமே தெரிந்தது அவளுக்கு.

"கண்ணு வேணும்னு நான் கேட்டேனாடி உன்கிட்ட?" என்றாள்.

பிறகு கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.